மாவுக்கட்டு அவிழ்ந்த பிறகு

அன்பு மகன் டேனியலுக்கு,

நலம், நலமறிய அவா என்று ஆரம்பித்தால் நீ அந்த வரியைத் தாண்டிக்கொண்டு போய்விடுவாய் என்று தெரியும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். பெங்களூரிலிருந்து நீ எழுதிய கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. வடக்கே அணைக்கட்டில் மறுபடியும் ஒரு வேலைக்கு உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள், பதினைந்து நாளில் பதில் எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறாய். அதோடு நிறுத்தியிருந்தால் நான் சந்தோஷப்பட்டுக்கொண்டு சும்மா இருந்திருப்பேன். அதற்குக் கீழே, அம்மாவின் கையை நினைத்து இந்தத் தடவையும் வேண்டாமென்று எழுதிவிடப் போகிறேன் என்று போட்டிருக்கிறாய். அந்த ஒரு வரியை நான் நாலு தரம் வாசித்தேன். நீ ஆபீஸ் பயிற்சி முடிந்து வீடு திரும்ப இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. அதற்குள் இந்தக் கடிதம் உன் கையில் சேர வேண்டும். நேரில் சொல்லலாம் என்று காத்திருந்தால், "காபி ஆறுது, குடிங்கம்மா" என்று நீ பேச்சை மாற்றுவாய், நானும் நல்ல சாக்கு என்று விட்டுவிடுவேன். மூன்று வருஷமாக நம் வீட்டில் அதுதான் நடக்கிறது.

நான் விழுந்த கதை உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துப் படியில் ஓடிய ஒரு பெண்ணை "ஓடாதே, விழுவே" என்று அதட்டிக்கொண்டே இறங்கியவள், தூறல் நனைத்த படியில் நானே வழுக்கி விழுந்தேன். வலது உள்ளங்கையைத்தான் ஊன்றினேன். மணிக்கட்டு வளைந்த கரண்டி மாதிரி ஆகிவிட்டது. அந்தப் பெண் அதற்குப் பிறகு நான் வகுப்பில் அதட்டும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள். நீ ஆபீஸிலிருந்து ஓடி வந்து, ஜட்கா வண்டியில் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாய். வழி முழுக்க வண்டிக்காரனிடம் மெதுவாகப் போகச் சொல்லி "மெத்தகே, மெத்தகே" என்று கன்னடத்தில் கெஞ்சிக்கொண்டே வந்தாய். எலும்பைச் சேர்த்து மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரம் என்றார் டாக்டர். விரல்களை மட்டும் மடக்கி நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும், கையை உயர்த்தி வைக்க வேண்டும் என்றும் சொன்னார். அந்த இரண்டாவது பேச்சு என் காதில் ஏறவில்லை. விரலை அசைத்தால் உள்ளே எலும்பு நகர்ந்துவிடும் என்று நானாக ஒரு பயத்தை வைத்துக்கொண்டு, கையைத் தூங்குகிற குழந்தை மாதிரி மடியில் போட்டுக் காத்தேன். ஊருக்கெல்லாம் பாடம் சொல்கிறவள்தான், எனக்குச் சொன்ன பாடத்தை மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த ஆறு வாரமும் நீ செய்ததை நான் மறக்கவில்லை. இடது கையால் சாப்பிட மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தேன். கர்த்தர் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார், ஆனால் நான் வளர்ந்த வீட்டில் சொல்லுவார்கள். அதனால் நீ சோற்றைப் பிசைந்து ஊட்டினாய், ரசம் சாதத்தில் உப்பு இல்லை என்று நான் சொன்னதையும் பொறுத்துக்கொண்டாய். ரவிக்கைக் கொக்கி மாட்டவும் புடவைக் கொசுவம் வைக்கவும் பக்கத்து வீட்டு மீனாட்சி, அவள் புருஷன் ரயில்வே வேலைக்குக் கிளம்பிய பிறகு தினமும் காலையில் வந்தாள். தலை பின்னுவதையும் அவளே செய்கிறேன் என்றாள். நீதான், அவளுக்கு வீட்டில் மூன்று பிள்ளைகள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாய். என்ஜினீயருக்குப் படித்தவன் ஆகையால் மூன்று புரிக் கயிறு திரிப்பது மாதிரி என் தலையைப் பின்னினாய். முதல் நாள் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலியால் என்று சொன்னேன், நீயும் சீப்பை மெதுவாக இழுத்தாய். பத்து வயதில் அப்பாவை இழந்த பிள்ளை, இருபத்து மூன்று வயதில் ஆபீஸுக்குப் போகும் அவசரத்தில் அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருக்கிறானே என்றுதான் அழுதேன். கூடவே ஒரு சுகமும் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மாவுக்கட்டை வெட்டி எடுத்தபோது உள்ளே இருந்தது என் கை மாதிரியே இல்லை. தோல் செதிலாக உரிந்து, மெலிந்து, மணிக்கட்டு மரக்கட்டையாக இருந்தது. உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்ப முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனையில் நற்கருணை அப்பம் வாங்கக் கையை நீட்டியபோது அது கவிழ்ந்தபடியே நின்றது. பாதிரி ஐயர் ஒரு கணம் காத்திருந்துவிட்டு, என் இடது கையில் வைத்தார். வீட்டுக்கு வந்து, இனி கரும்பலகையில் எப்படி எழுதப்போகிறேன் என்று உன்னிடம் கேட்டேன். மறுநாளே நீ விசாரித்துக்கொண்டு வந்து, ஆஸ்பத்திரியில் கைக்கென்றே ஓர் அறை புதிதாகத் திறந்திருக்கிறார்கள், ரத்னம்மா என்று ஒருவர் பம்பாயில் படித்துவிட்டு வந்திருக்கிறார், அந்தப் படிப்புக்கு ஆக்குபேஷனல் தெரபி என்று பெயர் என்றாய். பெயரைக் கேட்டதும் ஏதோ மின்சார மெஷினில் கையை வைப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

அங்கே மெஷின் ஒன்றும் இல்லை. ஒரு மேஜை, அதன் மேல் புளியங்கொட்டை, பூட்டும் சாவியும், ஈரத் துண்டு, ஒரு செம்பு, பித்தான் வைத்த பழைய சட்டை. அடுக்களையைப் பெருக்கி எடுத்து வந்து கொட்டியது மாதிரி இருந்தது. ரத்னம்மாவுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. கன்னடக்காரர், ஆனால் நம் தெருக்களில் வளர்ந்ததால் தமிழ் சரளமாக வரும். காலையில் எழுந்ததிலிருந்து படுக்கப் போகிற வரைக்கும் வலது கையால் என்னென்ன செய்வீர்கள், ஒன்று விடாமல் சொல்லுங்கள் என்று கேட்டார். பாத்திரம் தேய்க்கிறவளிடம் கேட்கிற கேள்வியை டீச்சரிடம் கேட்கிறாரே என்று எனக்கு முதலில் சுருக்கென்றது. சொல்ல ஆரம்பித்த பிறகுதான் அது எத்தனை நீளமான பட்டியல் என்று தெரிந்தது. பல் தேய்ப்பது, திரி தூண்டுவது, துணி பிழிவது, ராகி ரொட்டி தட்டுவது, கதவு திறப்பது, பைபிளில் பக்கம் திருப்புவது, சாக்பீஸ் பிடிப்பது என்று போய்க்கொண்டே இருந்தது. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, "இது வியாயாமம், தேகப்பயிற்சின்னு நினைக்காதீங்க அம்மாவரே. இதெல்லாம் உங்க வேலை. உங்க வேலைய உங்க கைக்கே திருப்பிக் குடுக்கணும், ஸ்வல்ப ஸ்வல்பமா, கொஞ்சம் கொஞ்சமா. மகன் செய்யக் கூடாது, பக்கத்து வீட்டம்மா செய்யக் கூடாது" என்றார். கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தேனே, அதையும் அவிழ்த்து அங்கேயே போடச் சொன்னார்.

நீ ஒரு தாளில் கட்டம் போட்டுக் கதவுக்குப் பின்னால் ஒட்டினாய். வெந்நீரில் கையை வைப்பது, புளியங்கொட்டையை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலாலும் மற்ற விரலாலும் எடுத்துக் கிண்ணம் மாற்றுவது, ஈரத் துண்டை முறுக்குவது, சாவி திருப்புவது. சாயங்காலம் வந்ததும் சட்டையைக் கூடக் கழற்றாமல் கட்டங்களை நிரப்புவாய். அரைச் செம்புத் தண்ணீரைச் சிந்தாமல் டம்ளரில் ஊற்றிய அன்று நீ என்னைவிட அதிகமாகச் சிரித்தாய். ஊட்டுவதை நிறுத்தினாய். நான் சோற்றை வாய் வரைக்கும் கொண்டுபோய்ப் பாதியைத் தட்டில் சிந்தினாலும் நீ உன் தட்டைப் பார்த்தே சாப்பிட்டாய். அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நாளைக்கு உனக்கு ஒரு மனைவி வருவாள், அவள் உடம்பு முடியாமல் படுத்துக்கொண்டால் எல்லாவற்றையும் நீயே செய்துவிடாதே. அவளால் முடிந்ததை அவளே செய்யட்டும், நீ பக்கத்தில் இரு. இதை உனக்குச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

இனிமேல் எழுதப்போவது உனக்குத் தெரியாதது. ரத்னம்மாவிடம் போக ஆரம்பித்த ஐந்தாவது வாரம், ஒரு புதன்கிழமை காலை, மீனாட்சி வரத் தாமதமானது. சும்மா நிற்பானேன் என்று கொக்கியை நானே மாட்டிப் பார்த்தேன். உன்னிடம் இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் இதைச் சொல்லாமல் மற்றது விளங்காது. கீழே இருந்து மேலே ஐந்து கொக்கியும் மாட்டினேன். வியர்த்துக் கொட்டிவிட்டது. பிறகு கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து தலையைப் பின்னினேன். கோணலாக வந்தது, ஆனால் என் கை பின்னிய பின்னல். அன்றைக்குப் பூராவும் ஒரு சின்னப் பெண் மாதிரி வீட்டுக்குள் நடந்தேன். நீ வந்ததும் திரும்பி நின்று பின்னலைக் காட்ட வேண்டும் என்று காத்திருந்தேன்.

நீ வந்தபோது உன் கையில் அந்த ஆர்டர் இருந்தது. அணைக்கட்டில் ஜூனியர் என்ஜினீயர், ஒரு மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். நீ அதை இரண்டு தரம் சத்தமாகப் படித்தாய். சுதந்திரம் வந்த நாளிலிருந்து நீ பேப்பரில் வெட்டி வெட்டி வைத்த அணைகள் எல்லாம் எனக்குத் தெரியாதா? படித்து முடித்து அதை மடித்துவிட்டு, "உங்க கை சரியாகாம நான் எங்கயும் போறதா இல்லம்மா. கை சரியானா யோசிக்கலாம்" என்றாய். பின்னலை நீ கவனிக்கவேயில்லை. நான் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டேன். வலது கையை மடியில் வைத்து இடது கையால் மூடிக்கொண்டேன். இரண்டு மூன்று நிமிஷம்தான் இருக்கும். அதற்குள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுநாள் காலையில் பின்னலைக் கலைத்துவிட்டு, சீப்பை எடுத்து உன்னிடம் நீட்டினேன். மீனாட்சி வந்ததும் கொக்கி மாட்டக் கூப்பிட்டேன்.

வயிற்றுவலி என்று சொல்லிக் கணக்கு வகுப்புக்குத் தப்பிக்கிற பெண்ணை நான் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவேன். என்னை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? மணிக்கட்டில் மறுபடி குத்துகிறது என்று உன்னிடம் சொன்னேன். பழைய துணியை எடுத்துக் கையைக் கழுத்தில் கட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கே போகாமல் ஜலதோஷம் என்றேன். கதவுக்குப் பின்னால் இருந்த உன் கட்டங்களை, செய்யாததையெல்லாம் செய்தேன் என்று சொல்லி உன் கையாலேயே நிரப்ப வைத்தேன். ஆனால் முன்னேற்றம் இல்லை என்று நீ குழம்பினாய். ஆர்டர் வந்த மூன்றாவது வாரம் நீ மேஜையில் உட்கார்ந்து மறுப்புக் கடிதம் எழுதினாய். தாயாருடைய தேக அசௌகரியத்தை முன்னிட்டு என்று இங்கிலீஷில் ஒரு வரி எழுதி, சரிதானா என்று டீச்சரான என்னிடமே காட்டினாய். சரிதான் என்றேன்.

இந்தப் புத்தி எனக்குப் புதிதில்லை. உனக்குப் பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தில் எல்லாரையும் மேல்கோட்டை மலைக்கு பஸ்ஸில் கூட்டிப்போனார்களே, அன்று காலை எனக்குத் தலைவலி வந்து நீ போகாமல் இருந்துவிட்டாய். அந்தத் தலைவலி பாதிதான் நிஜம். உன் அப்பா கார்டு வேலையில் ரயிலோடு போனவர் திரும்பி வரவில்லை, அதனால் நீ வண்டி ஏறுகிற பேச்சு எடுத்தாலே எனக்கு உடம்பில் எங்காவது வலிக்கும். உனக்கும் பிள்ளைகள் பிறந்து, அவர்கள் பெட்டியைத் தூக்கும் நாளில் உனக்கும் எங்காவது வலிக்கும். அந்த வலியை நம்பிவிடாதே.

நீ கடிதத்தைத் தபாலில் போட்டு எட்டு நாள் கழித்து ரத்னம்மாவிடம் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் அதற்குள் விரல் நிஜமாகவே மடங்கவில்லை. மூன்று வாரத்துக்கு மேல் அசைக்காமல் கட்டி வைத்ததில் கை வீங்கி, மோதிர விரலும் சுண்டு விரலும் விறைத்துப்போயிருந்தன. அவர் கையைப் பிடித்துப் பார்த்தார். தன் நோட்டைப் பிரித்துப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார். "போன தடவை இந்த ரெண்டு விரலும் உள்ளங்கையத் தொட்டுச்சு. இப்பத் தொடல. எலும்பு சரியாத்தான் இருக்கு. வீட்ல இந்தக் கைக்கு வேலை குடுக்காதது யாரு?" என்று கேட்டார்.

நான்தான் என்றேன். அந்த அறையில் இன்னும் இரண்டு நோயாளிகள் இருந்தார்கள், ஒருவர் மில் தொழிலாளி. அவர்களுக்கு முன்னால் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். ரத்னம்மா திட்டவில்லை. வெந்நீர் கொண்டுவரச் சொல்லி என் கையை அதில் வைத்து, ஒவ்வொரு விரலாகப் பிடித்துக்கொண்டே, மகனுக்கு இன்றைக்கே சொல்லிவிடுங்கள், ஒரு தந்தி அடித்தால் அந்த இடம் இன்னும் அவனுக்கே இருக்கலாம் என்றார். சொல்கிறேன் என்று தலையாட்டினேன். தபாலாபீஸைத் தாண்டித்தான் வீட்டுக்கு வந்தேன். சாயங்காலம் நீ வந்தாய், சாப்பிட்டாய், பேப்பர் படித்தாய். நான் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. கையைக் கட்டிக்கொண்டதைக்கூட ஒரு பயத்தில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். தந்தி அடிக்காததற்கு அப்படி ஒன்றும் சொல்ல முடியவில்லை.

உன் இடத்துக்கு உன்னோடு படித்த நண்பன் போனான். ஆற்றைத் திருப்பிவிட்டதையும், ராத்திரி பகலாகக் கான்கிரீட் கொட்டியதையும் அவன் உனக்குப் பக்கம் பக்கமாக எழுதினான். நீ அதையெல்லாம் எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினாய். வாசித்துவிட்டு, "நம்ம ஊர்லயும் வேலை இருக்கும்மா, பார்த்துக்கலாம்" என்பாய். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாய். அந்தக் கடிதங்களைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் எனக்குக் கிடைத்த தண்டனை என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது போதாது என்று இப்போது தெரிகிறது.

அதற்குப் பிறகு எட்டு மாசம் அந்த மேஜைக்குப் போனேன். போன விரலைத் திருப்பிக் கொண்டுவருவது, முதலில் செய்ததைப் போல மூன்று மடங்கு வேலை. புளியங்கொட்டையை எண்ணி எண்ணி எனக்குக் கனவிலும் அதுவே வந்தது. கை பெரும்பாலும் வந்துவிட்டது. எழுதுகிறேன், பிழிகிறேன், ரொட்டி தட்டுகிறேன். அந்த இரண்டு விரல் மட்டும் முழுதாக மடங்கவில்லை, இனி மடங்காது. அதைத்தான் நீ தினமும் பார்த்துவிட்டு, விழுந்ததில் வந்த ஊனம் என்று நினைத்துக்கொண்டு, என்னைத் தண்ணீர்க்குடத்தைத் தொட விடமாட்டேன் என்கிறாய். விழுந்ததில் வந்ததல்ல, டேனியல். உன்னை நிறுத்தி வைக்க நான் செய்த காரியத்தில் வந்தது. நீ பெங்களூர் போன இந்த மூன்று வாரமும் நானேதான் தண்ணீர் எடுக்கிறேன். அரைக் குடமாக இரண்டு நடை போகிறேன். நேரம் ஆகிறது, அவ்வளவுதான். நீ இங்கே இருந்தபோதும் என்னால் அது முடிந்திருக்கும்.

ஏன் செய்தேன் என்று நீ கேட்பாய். எனக்குத் தனியாக இருக்கப் பயம். அன்றைக்கு ஆர்டரை வைத்துக்கொண்டு நீ நின்றபோது, போகாதே, எனக்குப் பயமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ உன் மனதுக்குப் பட்டதைச் செய்திருப்பாய். இருந்திருந்தாலும் தெரிந்து இருந்திருப்பாய். அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு கையைக் காட்டினேன். அந்தப் பயம் இன்றைக்கும் போகவில்லை. இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்தால் இந்த வீடு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.

உனக்குக் கோபம் வரும். வரட்டும், வராவிட்டால்தான் எனக்கு வருத்தம். இங்கே வந்து சண்டை போட்டுவிட்டுப் போகலாம் என்று நினைத்தால் வந்து போடு. இல்லை, என் முகத்தையே பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் பெங்களூரிலிருந்தே வண்டி ஏறு, உன் பெட்டியையும் புஸ்தகங்களையும் நான் பார்சலில் அனுப்பி வைக்கிறேன். ஆனால் வருகிறேன் என்று அவர்களுக்கு முதலில் பதில் எழுது. இதைப் படித்து முடித்ததும், வேறு எதையும் யோசிப்பதற்கு முன்னால் எழுது. என்னை மன்னிக்கிறதா வேண்டாமா என்பதை அங்கே போய்ச் சேர்ந்து வேலையை ஒப்புக்கொண்ட பிறகு சாவகாசமாக முடிவு செய்துகொள். இந்தத் தடவை நான் உன்னைக் காத்திருக்க வைக்கக் கூடாது, என்னை எத்தனை நாள் வேண்டுமானாலும் நீ காக்க வை.

உன் அம்மா